1911-இன் நகல்கள்: எந்த இடத்தில் சறுக்குகின்றன, ஏன்

1911 என்பது அமெரிக்க ராணுவம் அந்த ஆண்டில் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலின் வடிவம். வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்த இரண்டு 1911 ரகப் பிஸ்டல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டென்று வேறுபாடு தெரியாது. ஒரே நீளம், ஒரே சாய்வில் கைப்பிடி, ஒரே இடத்தில் நெம்புகோல்கள். இரண்டையும் காலி செய்து, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைக் கழற்றி, பேரல் என்ற குழலை எடுத்து அதன் மேல்முகத்தைப் பார்க்கும்போதுதான் எது யார் கையால் செய்தது என்று தெரியும். ஒன்றில் பூட்டுப் பற்களின் விளிம்பு வெட்டிய அன்றிருந்த கூர்மையோடு நிற்கும். இன்னொன்றில் அதே விளிம்பு சுத்தியலால் தட்டியதுபோல் மழுங்கியிருக்கும். எஃகு நல்லதாகவே இருந்திருக்கலாம். பொருத்தியவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை.

1911 நகல்களின் தரத்தைப் பேசும்போது பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது வார்ப்பா, அடித்து உருவாக்கியதா என்பதைத்தான். தேவையான கேள்விதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் முக்கியத்துவம் அதிகம். இந்த வடிவமைப்பில் நகல்கள் தோற்பது பெரும்பாலும் உலோகத்தின் ரகத்தால் அல்ல. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய ஆயிரத்தில் சில பங்கு அங்குல அளவுகளை யார் உறுதி செய்கிறார்கள் என்பதில்தான் தோற்கின்றன.

ஜான் மோசஸ் பிரௌனிங் இந்தப் பிஸ்டலுக்கான அமெரிக்கக் காப்புரிமையை 1911 பிப்ரவரி 14 அன்று பெற்றார். அடுத்த மாதம் நடந்த இறுதிச் சோதனையில் கோல்ட் நிறுவனத்தின் மாதிரி 6,000 குண்டுகளை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டது. மார்ச் 29 அன்று ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அன்றைய காப்புரிமைக் காலம் 17 ஆண்டுகள். ஆக, 1928-க்குப் பிறகு யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம் என்றானது. செய்யவும் செய்தார்கள். பிரேசில், பிலிப்பைன்ஸ், சீனா, துருக்கி, அமெரிக்காவிலேயே டஜன் கணக்கான நிறுவனங்கள் என்று இன்றுவரை அந்தப் பட்டியல் நீள்கிறது.

ஆனால் காப்புரிமை சொல்வது இயக்கத்தை மட்டும்தான். எந்தத் துளை எந்த முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம் என்பதை அது சொல்லாது. இந்தச் சிக்கல் பின்னால் வந்த நகல்காரர்களோடு தொடங்கியதல்ல. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு ரெமிங்டன் யு.எம்.சி. நிறுவனத்திடம் இதே பிஸ்டலைச் செய்யச் சொன்னபோது கோல்ட் ஆலையின் வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கோல்ட் ஆலையில் அனுபவசாலிகளின் கை அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தது. ரெமிங்டன் தரப்பு தயாரான பிஸ்டல்களை அளந்து தனக்கென வரைபடம் போட வேண்டியிருந்தது. கனடாவின் கியூபெக்கில் ஒப்பந்தம் பெற்ற நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் நூறு பிஸ்டலைக்கூட முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போருக்குள் நிலைமை மாறியிருந்தது. தட்டச்சுப்பொறி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்ட், ரயில்வே சிக்னல் செய்துகொண்டிருந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பேர்போன இத்தாகா என்று பிஸ்டலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட இதைச் செய்தார்கள். தையல் இயந்திர நிறுவனமான சிங்கர் 500 மட்டும் செய்து நிறுத்திக்கொண்டது. ரெமிங்டன் ராண்ட் 8 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்தது. அதே ரெமிங்டன் ராண்டின் உற்பத்தி 1943 தொடக்கத்தில் சிறிது காலம் நிறுத்தப்பட்டது. காரணம், ஒரு பிஸ்டலின் பாகத்தை இன்னொன்றில் போட்டால் பொருந்த வேண்டும் என்ற சோதனையில் அதன் பிஸ்டல்கள் தேறவில்லை. பாகங்களையும் தர ஆய்வையும் சரிசெய்த பிறகு அதே ஆலை நம்பகமான பிஸ்டல்களை மலைமலையாகக் குவித்தது.

அங்கே வேலை செய்தது கேஜ். ஒவ்வொரு முக்கிய அளவுக்கும் 'போகும், போகாது' என்ற இரட்டை அளவுகருவி, அதை வைத்துப் பார்க்க ஆலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அரசு ஆய்வாளர், தேறாத பாகத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம். போர் முடிந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் கலைந்தது. வரைபடம் மிஞ்சியது. பின்னால் வந்த வணிக நகல்களுக்கு அந்த வரைபடம், சில சமயம் வெறும் ஒரு மாதிரிப் பிஸ்டல் மட்டுமே கிடைத்தது. அவற்றின் தரம் ஆலைக்கு ஆலை ஏறி இறங்குவதற்கு வேர் இதுதான்.

பேரல் பூட்டிக்கொள்ளும் இடம்

குறை எங்கே வரும் என்று புரிய வேண்டுமானால் இயக்கத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பேரலின் மேல்முகத்தில் குறுக்கே பற்கள் உண்டு. அவை ஸ்லைடின் உட்கூரையில் வெட்டிய பள்ளங்களில் ஏறி உட்காரும். குண்டு கிளம்பும் கணத்தில் பேரலும் ஸ்லைடும் ஒரே துண்டாகப் பின்னே நகரும். கால் அங்குல நகர்வுக்குள், பேரலின் அடியில் தொங்கும் லிங்க் என்ற சிறு இணைப்புத் தகடு பேரலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். பற்கள் விடுபட்டதும் ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே போய், காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு திரும்பும்.

இதில் மூன்று விஷயம் ஒத்து நடக்க வேண்டும். பேரல் முழு உயரத்துக்கு ஏற வேண்டும். உரிய நேரத்தில் முழுதாக இறங்க வேண்டும். இறங்கியபின், கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டமான ஃப்ரேமில் அதற்கென்று வெட்டிய செங்குத்து முகத்தில் மோதி நிற்க வேண்டும்.

முதலாவது தவறினால் பற்களில் பாதி உயரம்தான் பூட்டும். பாரம் முழுவதும் அந்த மெல்லிய விளிம்பில் விழும். சில நூறு குண்டுகளில் விளிம்பு மடங்கத் தொடங்கும். பேரலைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பல்லின் முன்முக விளிம்பு வழுவழுவென்று உருண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். விரல்நகத்தை அதன்மேல் இழுத்தால் ஒரு பிசிறு தட்டும். அந்தப் பேரலோடு ஸ்லைடின் பள்ளமும் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். பேரலை மாற்றிவிடலாம். ஸ்லைடை மாற்றுவதற்குப் பாதிப் பிஸ்டலின் விலை ஆகும்.

இரண்டாவதில்தான் நகல்களின் குறுக்குவழி வெளிப்படும். லிங்கின் இரு துளை மையங்களுக்கு இடையே வழக்கமான தூரம் 0.278 அங்குலம். பேரல் சரியாக ஏறவில்லை என்றால் அடிப்பக்கத்தில் முட்டுக்கொடுக்கும் லக் என்ற புடைப்பைச் சரியான உயரத்தில் வெட்டிய பேரலைப் பொருத்துவதுதான் முறை. மலிவான மாற்று, கொஞ்சம் நீளமான லிங்க் ஒன்றைப் போட்டு பேரலை முட்டுக்கொடுத்துத் தூக்குவது. மேசையில் வைத்து அழுத்திப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும். ஆனால் பேரல் இப்போது லக்கின் மேல் நிற்காமல் லிங்கின் மேல் நிற்கிறது. சுடும்போது அது அசையும். இறங்கும் நேரமும் தள்ளிப்போகும். பற்கள் முழுதாக விடுபடும் முன்பே ஸ்லைடு பின்னே இழுக்கும். இறுக்கமான புதுப் பிஸ்டல் என்று புகழப்பட்டது ஓராயிரம் குண்டுக்குள் குறி சிதறத் தொடங்கினால் முதலில் லிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது இன்னும் மோசம். ஃப்ரேமின் செங்குத்து முகம் சற்றுப் பின்தள்ளி வெட்டப்பட்டிருந்தால் பேரலை நிறுத்தும் வேலை லிங்குக்கு வந்துவிடும். லிங்க் பேரலைக் கீழிழுக்கச் செய்த பாகம், தடுத்து நிறுத்தச் செய்ததல்ல. அது நீளும், அதன் முளை வளையும், கடைசியில் லக்கின் கால் முறியும். இதைச் சோதிக்க நுண்கருவி வேண்டாம். ஸ்லைடு இல்லாமல் பேரலை மட்டும் ஃப்ரேமில் வைத்து, ஸ்லைடைப் பின்னே நிறுத்திவைக்கும் நெம்புகோலான ஸ்லைடு ஸ்டாப்பின் முளையை லிங்க் வழியாகச் செருகி, பேரலைப் பின்னே தள்ளிக் கீழே உட்கார வையுங்கள். பேரல் ஃப்ரேமின் முகத்தில் சாய்ந்து நிற்கும்போது லிங்க் இன்னும் துளியளவு தளர்ச்சியோடு இருக்க வேண்டும். லிங்க் விறைத்து நின்று முகத்துக்கும் லக்குக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அந்த ஃப்ரேம் தவறாக வெட்டப்பட்டது.

அதே நிலையில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். தோட்டா ஏறிவரும் சரிவு ஃப்ரேமில் பாதி, பேரலில் பாதி. இரண்டும் ஒரே வழவழப்பாகச் சேர்ந்திருந்தால் நல்ல வேலை என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. பேரலின் சரிவு ஃப்ரேமின் சரிவுக்கு முன்னால் ஒரு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும். அந்தப் படி இல்லை என்றால் ஏறிவரும் தோட்டாவின் மூக்கு பேரலின் கீழ் உதட்டில் முட்டி நிற்கும். இதைச் சரிசெய்கிறோம் என்று சரிவைக் கண்ணாடிபோல் தேய்ப்பவர்கள், கோணத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு ஃப்ரேமையே பாழாக்குகிறார்கள். ஏறத்தாழ 31 டிகிரியில் இருக்க வேண்டிய சரிவு அது. பளபளப்பு அதற்கு ஒரு உதவியும் செய்யாது.

ஸ்லைடைப் பிடித்து ஆட்டி 'கடகட' என்றால் தரக்குறைவு என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. போர்க்காலப் பிஸ்டல்கள் பலவும் கடகடத்தவைதான், மண்ணும் சேறும் போனாலும் ஓட வேண்டும் என்பதற்காக. குறி பேரல் ஸ்லைடோடு எப்படிப் பூட்டுகிறது என்பதைப் பொறுத்தது: முன்னே பேரலின் வாயைப் பிடிக்கும் புஷிங் என்ற வளையம், பின்னே பூட்டுப் பற்கள், அடியில் லக். ஸ்லைடுக்கும் ஃப்ரேமுக்கும் இடையிலான ஆட்டம் அதில் சிறு பங்குதான். ஸ்லைடை முன்னே மூடிய நிலையில், காலி உறை வெளியேறும் எஜெக்‌ஷன் துவாரம் வழியாகப் பேரலின் பின்தலையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங்போல் இறங்கி மேலே வந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய ஆட்டம்.

வார்ப்பு, அடிப்பு, பொடி

இனி உலோகத்துக்கு வரலாம். மூல வடிவத்தில் ஃப்ரேமும் ஸ்லைடும் பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்த எஃகிலிருந்து கடைந்தெடுத்தவை. நகல்களில் மூன்று பாதைகள் உண்டு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி நிறுவனம் 1985 முதல் விற்ற 1911-கள் பிரேசிலின் இம்பெல் அரசு ஆலையில் அடித்த ஃப்ரேம்களோடு வந்தன. சீனாவின் நோரின்கோவும் அடித்த எஃகையே பயன்படுத்தியது. 1994-இல் அமெரிக்கா சீனத் துப்பாக்கி இறக்குமதியைத் தடைசெய்யும் முன் அங்கே போனவற்றைப் பல கைவினைஞர்கள் விரும்பி வாங்கி, அதன் மேல் தங்கள் வேலையைக் கட்டினார்கள். அடிப்படை உடல் திடமானது, சிறு பாகங்களின் மேற்பூச்சும் முடிப்பும் கரடுமுரடு. பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் ராக் ஐலண்ட் என்ற பெயரில் விற்பவற்றின் ஃப்ரேம் வார்ப்பு. அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த எஸ்.ஆர்.1911-இன் ஃப்ரேமும் மெழுகச்சு வார்ப்புதான்.

ஃப்ரேம் வார்ப்பு என்பதாலேயே ஒரு பிஸ்டலை ஒதுக்க வேண்டியதில்லை. இந்த வடிவமைப்பில் வெடிப்பின் பெரும்பாரம் பேரலிலும் ஸ்லைடிலும் அடங்கிவிடும். ஃப்ரேம் தாங்குவது மோதலையும் உரசலையும். நல்ல வார்ப்புக்குச் சரியான சூட்டுப்பதம் கொடுத்தால் அது போதும். ரூகர் வார்ப்பில் ஒரு லாபமும் எடுத்துக்கொண்டது. மூல வடிவத்தில் ப்ளஞ்சர் ட்யூப் என்ற சிறு குழாயைத் தனியே செய்து இரண்டு கால்களால் ஃப்ரேமில் ரிவெட் அடிப்பார்கள். ரூகர் அதை ஃப்ரேமோடு ஒன்றாகவே வார்த்துவிட்டது. அந்தக் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் கட்டைவிரல் சேஃப்டியையும் ஸ்லைடு ஸ்டாப்பையும் அதனதன் இடத்தில் பிடிக்கிறது. மலிவு நகல்களில் ரிவெட் தளர்ந்து குழாய் ஃப்ரேமிலிருந்து மயிரிழை விலகினால், சேஃப்டி நெம்புகோல் கீழிறங்க முடியாமல் பாதியில் மாட்டிக்கொள்ளும். கைப்பிடிப் பலகையைக் கழற்றி, குழாயை நகத்தால் நெம்பிப் பார்ப்பது ஐந்து நொடி வேலை. நகர்ந்தால் திரும்ப அடித்துப் பொருத்தும்வரை அந்தப் பிஸ்டலைப் பயன்படுத்தக் கூடாது.

ஃப்ரேமில் விரிசல் என்றதும் பதறுபவர்களுக்கு ஒரு தகவல். ஸ்லைடு ஸ்டாப் துளைக்கு மேலே ஓடும் மெல்லிய தண்டவாளப் பகுதியில் விரிசல் வருவது பழைய கோல்ட்களிலேயே உண்டு. அது இயக்கத்தைப் பாதிப்பதில்லை. கோல்ட் பிற்காலத்தில் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டது. ஸ்லைடில், குறிப்பாக பூட்டுப் பள்ளங்களுக்கும் எஜெக்‌ஷன் துவாரத்துக்கும் அருகில் தெரியும் விரிசல் அப்படியல்ல. அதோடு அந்த ஸ்லைடின் ஆயுள் முடிந்தது.

துருப்பிடிக்காத எஃகில் வேறொரு சங்கடம். 1977-இல் வந்த ஏ.எம்.டி. ஹார்ட்பாலர் முழுதும் துருப்பிடிக்காத எஃகில் செய்த முதல் 1911 ரகம். ஒரே மாதிரி எஃகும் எஃகும் அழுத்தத்தோடு உரசினால் ஒன்றின் மேற்பரப்பு மற்றதில் ஒட்டிப் பிய்ந்துகொண்டு வரும். தண்டவாளத்தில் கீறல் கீறலாக உழுததுபோல் தெரியும். ஃப்ரேமுக்கும் ஸ்லைடுக்கும் வெவ்வேறு கடினத்தன்மை கொடுப்பதும், தண்டவாளத்தில் எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொள்வதும்தான் இன்றும் இதற்கு மருந்து.

இனி எம்.ஐ.எம். உலோகப் பொடியைப் பிசினோடு குழைத்து பிளாஸ்டிக்போல் அச்சில் செலுத்தி, பிசினை நீக்கி, உலையில் வேகவைத்து இறுக்கும் முறை. வேகும்போது பாகம் ஒவ்வொரு பக்கத்திலும் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். அதைக் கணக்கிட்டே அச்சைப் பெரிதாக வெட்டுவார்கள். உலை வெப்பமோ பொடியின் கலவையோ தவறினால் உள்ளே நுண்ணிய குமிழ் தங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. 1990-களின் பிற்பாதியில் அமெரிக்க நிறுவனமான கிம்பர் கணினிவழிக் கடைசலையும் எம்.ஐ.எம். பாகங்களையும் சேர்த்துப் பயன்படுத்தியது. வேண்டிய அம்சங்கள் எல்லாம் கொண்ட ஒரு 1911 ஆலையிலிருந்தே கிடைக்கும் என்ற நிலை அதிலிருந்துதான் பரவியது.

எம்.ஐ.எம். என்றாலே குப்பை என்று ஒதுக்குபவர்களும் தவறு, எல்லாம் ஒன்றுதான் என்பவர்களும் தவறு. அந்தப் பாகம் எப்படிப்பட்ட பாரத்தைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். அமுக்கத்தை மட்டும் தாங்கும் பாகங்கள், தோட்டாப் பெட்டியான மேகசினைப் பிடிக்கும் கேட்ச், மெயின்ஸ்பிரிங் உறையின் உட்பாகம், டிஸ்கனெக்டர் போன்றவை, நன்றாக வேகவைத்த பொடியில் பல ஆண்டு ஓடும். சுத்திபோல் அடிக்கும் ஹேமரும், அதை ஏற்றிய நிலையில் பிடித்துவைக்கும் சியரும்கூட ஓடும். அங்கே சிக்கல், முனையைத் தேய்த்துத் திருத்த முயலும்போது வரும். வளைந்து வளைந்து நிமிரும் பாகமும், மெல்லிய முளையில் மீண்டும் மீண்டும் அடி வாங்கும் பாகமும் அந்த முறைக்கு ஏற்றவை அல்ல. ஸ்லைடு ஸ்டாப்பின் முளை, கட்டைவிரல் சேஃப்டியின் முளை, இவை இரண்டும் மூலைப் பகுதியில் முறிவது தெரிந்த விஷயம். எல்லாவற்றுக்கும் மேல் எக்ஸ்ட்ராக்டர்.

எக்ஸ்ட்ராக்டர் என்ற தனி உலகம்

மூல வடிவத்தின் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடின் உள்ளே நீளவாக்கில் செருகிய ஒரு குச்சி. தனி ஸ்பிரிங் கிடையாது. குச்சியே ஸ்பிரிங். அதைத் துளி வளைத்துச் செருகினால் முன்நுனிக் கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும். அந்த அணைப்பு கூடினால் அடுத்த தோட்டா கொக்கியின் அடியில் ஏற முடியாமல் சாய்ந்து நிற்கும். குறைந்தால் காலி உறை பாதியில் நழுவி, எஜெக்‌ஷன் துவாரத்தில் நட்டுக்குத்தலாக மாட்டும். சுடுபவர் முகத்தை நோக்கி உறைகள் தெறிப்பதும் பெரும்பாலும் இதன் வேலைதான்.

ஸ்பிரிங் எஃகில் செய்து பதம் கொடுத்த எக்ஸ்ட்ராக்டர் இந்த வளைவைப் பல்லாயிரம் குண்டுக்குத் தக்கவைக்கும். பொடியில் செய்தது சில நூறு குண்டுகளிலேயே நிமிர்ந்துவிடுவது உண்டு. 'முதல் வாரம் நன்றாக ஓடியது, பிறகு கெட்டுப்போனது' என்ற புகார் மலிவு நகல்களைப் பற்றி அடிக்கடி வருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சோதனை எளிது. ஸ்லைடை ஃப்ரேமிலிருந்து கழற்றி, பேரலை எடுத்துவிட்டு, வெடிமருந்தும் ப்ரைமரும் இல்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கீழிருந்து கொக்கியின் அடியில் நழுவ விடுங்கள். விரலைத் தளர்த்தினாலும் அது விழாமல் நிற்க வேண்டும். ஸ்லைடை மென்மையாக அசைத்தாலும் நிற்க வேண்டும். வலுவாக உலுக்கினால் விழலாம். கட்டைவிரலை நசுக்கித்தான் செருக முடிகிறது என்றால் அணைப்பு அதிகம். இந்தச் சோதனையில் தேறியும் உறை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு திசையில் பறந்தால் எக்ஸ்ட்ராக்டர் தன் துளைக்குள் சுழல்கிறது. அதைப் பின்னாலிருந்து பிடித்திருக்க வேண்டிய ஃபயரிங் பின் ஸ்டாப் என்ற சிறு தகடு தொளதொளவென்று இருக்கும். அந்தத் தகட்டை மட்டும் இறுக்கமாகப் பொருத்தினால் போதும். விலை அற்பம், வேலை அரைமணி நேரம். ஆலையில் அந்த அரைமணி நேரத்தைச் செலவிட்டிருக்க வேண்டும்.

இந்தச் சரிசெய்தலே வேண்டாம் என்று, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-இல் கொண்டுவந்த தன் 1911-இல், தனிச்சுருளோடு ஸ்லைடின் வெளிப்பக்கத்தில் பூட்டிய எக்ஸ்ட்ராக்டரை வைத்தது. அது நன்றாகவே ஓடியது. கிம்பரும் அதே காலத்தில் வெளிப்புற எக்ஸ்ட்ராக்டரை முயன்றுவிட்டுப் பழைய முறைக்கே திரும்பியது. யோசனை ஒன்றே, விளைவு வேறு.

சேஃப்டியும் மற்றவையும்

தோட்டாவைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசிதான் ஃபயரிங் பின். மூல 1911-இல் அதைத் தடுத்து நிறுத்தும் பூட்டு கிடையாது. அந்தப் பின் தன் குழியைவிடக் குட்டை. ஹேமர் அடித்த வேகத்தில்தான் அது தோட்டாவை எட்டும். பிஸ்டல் வாய்ப்புறம் கீழாக உயரத்திலிருந்து விழுந்தால் அந்த வேகம் தானாகவே கிடைக்கக்கூடும். கோல்ட் 1983-இல் 80-ஆம் வரிசையில் ட்ரிக்கரோடு இணைந்த தடுப்பைச் சேர்த்தது. கிம்பரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் அதைக் கைப்பிடி சேஃப்டியோடு இணைத்தன. ஸ்பிரிங்ஃபீல்டு எந்தத் தடுப்பும் இல்லாமல் இலகுவான டைட்டானியம் பின்னும் வலுவான ஸ்பிரிங்கும் வைத்தது. எந்த வழியையும் எடுக்காமல் பழைய எஃகுப் பின்னையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் வைத்து வரும் நகலில் குறைந்தபட்சம் அந்த ஸ்பிரிங்கையாவது புதிதாக மாற்றிவிட வேண்டும்.

கட்டைவிரல் சேஃப்டியின் உள்முனை சியரின் பின்பக்கத்தை முட்டிப் பிடிக்க வேண்டும். அதை ஒவ்வொரு பிஸ்டலுக்கும் கையால் அரம் போட்டுத்தான் பொருத்த முடியும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிய சேஃப்டி சியரை முழுதாகப் பிடிக்காது. இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். மேகசினை எடுத்து, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதி செய்யுங்கள். ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, கைப்பிடியை இறுகப் பற்றியபடி ட்ரிக்கரைப் பலமாக அழுத்தி விடுங்கள். சேஃப்டியைக் கீழே இறக்குங்கள். இப்போது ட்ரிக்கரைத் தொடாமல், பாதுகாப்பான திசையில் வாயைத் திருப்பி வைத்து, காதருகே ஹேமரை மெல்லப் பின்னே இழுங்கள். மெல்லிய 'டிக்' ஒன்று கேட்டால் சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது. இப்போது அது திரும்பத் தன் இடத்தில் விழுந்த ஓசைதான் அது. ஓசையே வரக் கூடாது. வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அல்லது நேரே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

புஷிங்கைப் பற்றி ஒன்று. கோல்ட் 1970-களில் 70-ஆம் வரிசைக்கென்று விரல்விரலாகப் பிளந்த புஷிங் ஒன்றை வைத்தது. பேரலை ஸ்பிரிங்போல் அணைத்துப் பிடித்துக் குறியைக் கூட்டும் என்ற எண்ணம். விரல்கள் முறிந்து இயக்கத்தையே நிறுத்தியதால் அது கைவிடப்பட்டது. மூலத்தைச் செய்த நிறுவனமே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

மேகசினில் நகல்காரர்கள் மிச்சம் பிடிப்பது அதிகம், வாங்குபவர் குறை சொல்வது பிஸ்டலை. மூல மேகசின் ஏழு தோட்டாவுக்கானது. அதன் உதடுகள் பின்னால் குறுகி முன்னால் படிப்படியாக விரிந்து, தோட்டாவை மெல்ல விடுவிக்கும். தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டில் உள்ள சிறு புடைப்பு கடைசித் தோட்டா முன்னே நழுவாமல் தடுக்கும். எட்டாவது தோட்டாவுக்காக ஸ்பிரிங்கைச் சுருக்கி, புடைப்பை நீக்கிச் செய்த மேகசினில் கடைசித் தோட்டா கொக்கியைத் தாண்டி முன்னே குதிக்கும். ஸ்லைடு அதன்மேல் மூடும்போது எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி தோட்டாவின் விளிம்பின் மேல் வலுக்கட்டாயமாக ஏற வேண்டிவரும். அப்படிப் பல முறை நடந்தால் நல்ல எக்ஸ்ட்ராக்டரும் முறியும். அதனால் ஒரு நகலைக் குறை சொல்லும் முன், தரமான ஏழு தோட்டா மேகசின் இரண்டும் 230 கிரெய்ன் உருண்டைமுனைத் தோட்டாவும் வைத்துச் சோதிப்பதே நியாயம். இந்தப் பிஸ்டல் அந்தத் தோட்டாவுக்காகவே பிறந்தது.

ஸ்லைடை முன்னே திருப்பும் ரீகாயில் ஸ்பிரிங் ஐந்தங்குலப் பேரலுக்கு 16 பவுண்டு. சிலர் ஃப்ரேமைக் காப்பாற்றுவதாக நினைத்து 20 பவுண்டு போடுகிறார்கள். ஸ்லைடு பின்னே போகும் வேகம் குறையும்தான், ஆனால் முன்னே திரும்பும் வேகம் ஏறும். லக்கும் ஸ்லைடு ஸ்டாப்பும் அந்த அடியை வாங்கும், மேகசினும் அந்த வேகத்துக்குத் தோட்டாவை உயர்த்த முடியாமல் திணறும். ஆலை 16-க்கும் மேல் போட்டு அனுப்பியிருந்தால் வேறேதோ ஒரு பொருத்தக் குறையை அது மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பேரல் குட்டையாகக் குட்டையாக இவை எல்லாம் கூடும். 4.25 அங்குலக் கமாண்டர் அளவில் பெரிய வேறுபாடு தெரியாது. 3.5 அங்குல அளவில் பேரல் அதிகக் கோணத்தில் சாய வேண்டும், ஸ்லைடின் ஓட்டம் குறைவு, எனவே ஒவ்வொன்றும் நடக்க வேண்டிய நேரமும் குறைவு. மலிவு நகலில் குட்டை ரகத்தை வாங்குவது, ஆலையின் மிகக் கடினமான வேலையை மிகக் குறைந்த விலையில் எதிர்பார்ப்பது.

ஒரு நகலை வாங்கிய பிறகு எதை மாற்றலாம், எதை முடியாது என்பதும் இதிலிருந்து விளங்கும். எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் ஸ்டாப், ஸ்லைடு ஸ்டாப், மேகசின், ஸ்பிரிங்குகள் ஆகியவற்றைக் கடைந்தெடுத்த நல்ல பாகங்களால் மாற்றினால், அடித்த எஃகு உடலோடு வரும் மலிவு நகல் விலையுயர்ந்த பிஸ்டலோடு போட்டிபோடும். புஷிங்கையும் பேரலையும் தேர்ந்த கை மாற்றிப் பொருத்தலாம். ப்ளஞ்சர் ட்யூபைத் திரும்ப அடிக்கலாம். ஃப்ரேமின் செங்குத்து முகம் பின்தள்ளிப் போயிருந்தாலோ, ஸ்லைடு ஸ்டாப்பின் துளை சாய்ந்து துளைக்கப்பட்டிருந்தாலோ, ஸ்லைடின் பூட்டுப் பள்ளங்கள் ஒரே சமயத்தில் பாரம் தாங்காதபடி வெட்டப்பட்டிருந்தாலோ பாகம் மாற்றிப் பயனில்லை. இவற்றில் முதல் இரண்டை, பேரலை மட்டும் ஃப்ரேமில் வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையில் கடையிலேயே கண்டுகொள்ளலாம். மூன்றாவதுக்குச் சுட்ட தடயம் வேண்டும். நூறு, இருநூறு குண்டுக்குப் பின் பேரலைக் கழற்றி ஒவ்வொரு பல்லின் முன்முகத்திலும் தேய்மானம் சமமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பல் மட்டும் பளபளத்து மற்றவை கறுப்பாகவே இருந்தால், எல்லாப் பாரத்தையும் அந்த ஒற்றைப் பல்தான் சுமந்துகொண்டிருக்கிறது.